மேதை என்றொரு சலுகை

லாரன்ஸ் சம்மர்ஸைப் பற்றி எழுத வருகிற எவரும் முதல் பத்தியிலேயே ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள்: மேதை. அவரைப் பிடிக்காதவர்களும் சொல்கிறார்கள். கர்வம் பிடித்தவர்தான், ஆனால் மேதை. வாய்த்துடுக்கு அதிகம்தான், ஆனால் மேதை. அந்த 'ஆனால்' யாருக்கு வழங்கப்படுகிறது, அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி. அவருடைய பொருளியல் ஆய்வுகளை எடைபோட நான் வரவில்லை. நான் தமிழ் படித்தவள், சொற்களை வைத்துப் பிழைப்பவள். ஒரு சொல் ஒரு மனிதரை நாற்பது ஆண்டுகள் தோளில் தூக்கிச் சுமந்திருக்கிறது என்றால் அதைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

வாழ்க்கைக் குறிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 1954 நவம்பர் 30இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பிறந்தார். 16 வயதில் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். 1982இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம், அடுத்த ஆண்டே, 28 வயதில், அங்கேயே நிரந்தரப் பேராசிரியர். 1991 முதல் 1993 வரை உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞர். பிறகு கிளிண்டன் அரசின் கருவூலத் துறை. 1999இல் அதன் செயலர், நம் வழக்கில் சொன்னால் நிதியமைச்சர். 2001 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 27ஆவது தலைவர். நம்மூரில் துணைவேந்தர் என்கிறோமே, ஏறக்குறைய அந்த நாற்காலி. அவருக்கு மேலே வேந்தரென்று ஆளுநர் யாரும் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இதை நம் நாளிதழ்கள் எழுதினால் மாநிலத்தில் முதலிடம் பிடித்த பிள்ளையின் கதையாக எழுதும். ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். அப்பா ராபர்ட், அம்மா அனிட்டா இருவருமே பொருளாதார அறிஞர்கள், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். பெரியப்பா பால் சாமுவேல்சன், 1970இல் பொருளாதார நோபல் பெற்றவர். தாய்மாமன் கென்னத் ஆரோ, 1972இல் அதே பரிசு. அப்பா குடும்பப் பெயரை சாமுவேல்சனிலிருந்து சம்மர்ஸ் என்று மாற்றிக்கொண்டதால் இந்த உறவு பெயரில் தெரியாது. சோற்றுத் தட்டோடு சேர்த்துப் பொருளியல் பரிமாறப்பட்ட வீடு அது. அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. தகுதி, திறமை என்ற இரண்டு சொற்களை வைத்து இடஒதுக்கீட்டின் முதுகில் எத்தனை அடி விழுந்தது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். யாருடைய தகுதி எத்தனை தலைமுறைத் திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்தது என்று கேட்க நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அமெரிக்காவுக்குள் எடுத்துப்போக நமக்குக் கூச்சம் வரக்கூடாது.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தக் குடும்பக் கதையைச் சொல்கிறவர்கள் பெரியப்பாவையும் மாமாவையும்தான் முதலில் சொல்கிறார்கள். வார்ட்டனில் பொதுக்கொள்கைப் பேராசிரியராக இருந்த அம்மா, 'பெற்றோரும் பொருளாதார அறிஞர்களே' என்கிற அந்த 'உம்'மைக்குள் அடங்கிவிடுகிறார். இலக்கணம் நடத்துகிறவளுக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

1991 டிசம்பர் 12 என்று தேதியிட்டு உலக வங்கிக்குள் ஒரு குறிப்பு சுற்றுக்கு விடப்பட்டது. கீழே சம்மர்ஸின் கையெழுத்து. அதன் வாதம் சுருக்கமாக இதுதான்: மாசினால் நோயும் சாவும் வந்தால் இழக்கப்படுவது அந்த மனிதர் சம்பாதித்திருக்கக்கூடிய கூலி. ஆகவே கூலி எங்கே மிகக் குறைவோ அங்கே நச்சுக்கழிவைக் கொட்டுவதுதான் கணக்குப்படி சரி. மக்கள் நெருக்கம் குறைந்த ஆப்பிரிக்க நாடுகள் போதுமான அளவு மாசுபடாமல் இருக்கின்றன என்றும் அதில் இருந்தது. 1992இல் இது வெளியே கசிந்து அச்சேறியதும் உலகமெங்கும் கொந்தளிப்பு. அது கிண்டலாக எழுதப்பட்டது, சிந்தனையைத் தூண்டுவதற்காக எழுதப்பட்டது என்று விளக்கம் வந்தது. எழுதியவர் அவருக்குக் கீழே வேலைபார்த்த இன்னொருவர், இவர் கையெழுத்து மட்டுமே போட்டார் என்பதும் பின்னால் வெளிவந்தது. இருக்கட்டும். கையெழுத்து என்பது என்ன? நான் ஒரு மாணவியின் வருகைப் பதிவேட்டில் தவறாகக் கையெழுத்திட்டால் 'கிண்டலுக்குப் போட்டேன்' என்று முதல்வர் அறையில் சொல்லிவிட்டு வர முடியுமா? மேதைகளுக்குக் கிடைக்கிற முதல் சலுகை இது. அவர்கள் சொன்னது விபரீதமாகிவிட்டால் அது கிண்டலாகிவிடும்.

அந்தக் குறிப்புக்குச் சில வாரங்கள் கழித்து, 1992இன் தொடக்கத்தில், இஸ்லாமாபாத்தில் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பெண்குழந்தைகளின் கல்வியில் போடும் பணம்தான் வளரும் நாடுகளில் மிக அதிக லாபம் தரக்கூடிய முதலீடாக இருக்கும் என்பது அதன் சாரம். பெண் படித்தால் குழந்தைச் சாவு குறையும், பிறப்பு குறையும், குடும்பம் நிமிரும். இந்தப் பேச்சை உலக வங்கி நூலாகவும் வெளியிட்டது. பெண்கல்விக்கு அரசுகள் பணம் ஒதுக்க இந்த வாதம் உதவியது என்பதை நான் மறுக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டியின் பேத்தி நான். எந்தக் கணக்கைச் சொல்லியாவது ஒரு சிறுமியைப் பள்ளிக்குள் தள்ளினால் தள்ளியவருக்குப் புண்ணியம்தான்.

ஆனால் இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழை உடலுக்கு நோய் வந்தால் எவ்வளவு நட்டம் என்று பார்க்கும் அதே கணக்குநோட்டுதான் ஏழைப் பெண் படித்தால் எவ்வளவு வரவு என்றும் பார்க்கிறது. அவள் படிப்பது அவளுக்காக இல்லை. அவள் பெறப்போகிற பிள்ளைக்காக, பெறாமல் விடப்போகிற பிள்ளைக்காக, நாட்டின் வளர்ச்சி விகிதத்துக்காக. விளைநிலத்துக்கு உரம் போடுகிற பேச்சு இது. விளைநிலம் ஒருநாள் எழுந்து நின்று 'நான் கணிதப் பேராசிரியர் ஆக வேண்டும்' என்றால் என்ன பதில் வரும்? அதற்கான பதில் 2005இல் வந்தது. அதற்கு முன் இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ப்ரூக்ஸ்லி போர்ன். 1964இல் ஸ்டான்ஃபோர்டு சட்டக் கல்லூரியில் முதல் மாணவியாக வெளிவந்தவர்; அங்கே சட்ட இதழின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். 1996இல் அமெரிக்காவின் பண்டக முன்பேர வர்த்தக ஆணையத்துக்குத் தலைவரானார். வங்கிகள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசி முடித்துக்கொள்கிற 'டெரிவேட்டிவ்' ஒப்பந்தங்கள் பெருகுவதைப் பார்த்தார். இவற்றை யாருமே கண்காணிக்கவில்லையே, கண்காணிக்க வேண்டுமா என்று கருத்துக் கேட்டு 1998 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டார். கவனியுங்கள், தடை செய்யவில்லை. கேள்விதான் கேட்டார். மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், கருவூலச் செயலர் ராபர்ட் ரூபின், பங்குச்சந்தை ஆணையத் தலைவர் ஆர்தர் லெவிட், கருவூலத்தின் துணைச் செயலராக இருந்த சம்மர்ஸ் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள். கேள்வி கேட்பதே சந்தையில் நிச்சயமின்மையை உண்டாக்கும் என்று நாடாளுமன்றக் குழு முன் சம்மர்ஸ் வாதாடினார். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே எல்.டி.சி.எம். என்ற பெரிய முதலீட்டு நிதியம் இதே ஒப்பந்தங்களில் சிக்கிச் சரிந்தது. அப்போதும் அவர்கள் மனம் மாறவில்லை. 1999இல் போர்ன் பதவியை விட்டுப் போனார். 2000 டிசம்பரில், சம்மர்ஸ் கருவூலச் செயலராக இருந்தபோது, அந்த ஒப்பந்தங்களுக்குக் கண்காணிப்பிலிருந்து விலக்கு அளிக்கும் சட்டம் நிறைவேறியது. 2008இல் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் வீடு இழந்தவர்கள் முதல் திருப்பூரில் ஆர்டர் இழந்தவர்கள் வரை.

2009இல் போர்னுக்குத் துணிவுக்கான ஜான் கென்னடி நினைவு விருது கிடைத்தது. சம்மர்ஸுக்கு? வெள்ளை மாளிகையில் தேசியப் பொருளாதாரக் குழுவின் இயக்குநர் பதவி. சரியாகச் சொன்ன பெண்ணுக்குக் கேடயம், தவறாகச் சொன்ன ஆணுக்கு அலுவலகம். அந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சில் 'மேதை' என்ற சொல்லை நான் தேடிப் பார்த்தேன். 'பிடிவாதக்காரி', 'அனுசரித்துப் போகத் தெரியாதவர்' என்கிற தொனிதான் அதிகம் கிடைத்தது. அனுசரணை! மேதைக்கு அது தேவைப்படுவதில்லை.

இனி 2005. ஜனவரி 14, மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரம், தேசியப் பொருளாதார ஆய்வு நிறுவனம் கூட்டிய ஒரு சிறிய மாநாடு. அறிவியலிலும் பொறியியலிலும் பெண்களும் சிறுபான்மையினரும் ஏன் குறைவு என்பது பேசுபொருள். அதைப் பற்றியே ஆய்வு செய்துகொண்டிருந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஹார்வர்டின் தலைவர் வந்து, கொஞ்சம் சீண்டிவிடப் போகிறேன் என்கிற முன்னுரையோடு மூன்று காரணம் சொல்கிறார். முதலாவது, வாரம் 80 மணிநேரம் கேட்கிற வேலைகளைப் பெண்கள் விரும்பி எடுப்பதில்லை. இரண்டாவது, உச்சத் திறனில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ளார்ந்த வேறுபாடு இருக்கலாம். மூன்றாவதுதான் வளர்ப்பு முறையும் பாரபட்சமும். முக்கியத்துவத்திலும் இதே வரிசைதான் என்று தன் ஊகத்தையும் சேர்த்தார்.

உள்ளார்ந்த வேறுபாடு என்பதை அவர் நாசூக்காகவே சொன்னார். சராசரியில் இருபாலாரும் சமமாக இருந்தாலும், ஆண்களிடம் ஏற்ற இறக்கம் அதிகம். அடிமட்ட மக்கும் ஆண்களில்தான் அதிகம், உச்சிமட்டப் புத்திசாலியும் ஆண்களில்தான் அதிகம். சராசரியிலிருந்து மூன்றரை நான்கு திட்டவிலக்கம் தள்ளி, ஐயாயிரத்தில் ஒருவர், பத்தாயிரத்தில் ஒருவர் என்று தேடினால் அங்கே பெண்கள் அரிதாகிவிடுவார்கள். பெரிய பல்கலைக்கழகங்களின் இயற்பியல் துறைகள் அந்த உச்சியிலிருந்துதான் ஆள் எடுக்கின்றன. இதுதான் வாதம். அந்த உச்சியில் தான் உட்கார்ந்திருப்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிற வாதம்.

இதற்குப் பதில் அப்போதே இருந்தது. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில், 13 வயதுக்குள் எஸ்.ஏ.டி. கணிதத் தேர்வில் 700க்கு மேல் எடுத்த பிள்ளைகளை எண்ணினார்கள். ஒரு பெண்ணுக்கு 13 பையன்கள் இருந்தார்கள். 'பார்த்தீர்களா, இயற்கை' என்றார்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுக்குள் அது ஒரு பெண்ணுக்கு மூன்று நான்கு பையன்கள் என்று ஆகிவிட்டது. இருபத்தைந்து ஆண்டில் மரபணு மாறுமா? மாறியது வகுப்பறை. என் துறையிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். சங்கப் புலவர் 473 பேரில் பெண்கள் முப்பதுக்குமேல் என்பார் சிலர், நாற்பதுக்குமேல் என்பார் சிலர். அதற்குப் பின்னே பல நூற்றாண்டுகளில் காரைக்காலம்மையார், ஆண்டாள் என்று விரல்விட்டு எண்ண வேண்டியதாகிறது. ஒளவைக்கும் வெள்ளிவீதிக்கும் இருந்த மரபணு நடுவில் எந்த ஆற்றோடு போயிற்று?

ஹார்வர்டுக்குள்ளேயே இதற்குப் பதில் புதைந்து கிடந்தது. செசீலியா பெய்ன் 1925இல் அங்கே செய்த முனைவர் ஆய்வில் விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கண்டார். அக்காலத்தின் பெரிய வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் இது நடக்கவே முடியாது என்று சொல்ல, அந்த முடிவு ஒருவேளை உண்மையாக இருக்காது என்று பெய்ன் தன் கையாலேயே எழுதிவைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். பெய்னுக்குப் பட்டம் கொடுத்தது ராட்கிளிஃப், பெண்களுக்கான பக்கத்துக் கல்லூரி. ஹார்வர்டு பெண்களுக்குப் பட்டம் தராது. அவர் நடத்திய பாடங்கள் பல ஆண்டுகள் பாடப்பட்டியலிலேயே இடம்பெறவில்லை. 1956இல்தான் முழுப் பேராசிரியர் ஆனார். பத்தாயிரத்தில் ஒருவர் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இந்தப் பெண்ணை முப்பது ஆண்டு வராந்தாவில் நிறுத்திவைத்திருந்தார்கள். உச்சியில் பெண் இல்லையாம்.

சம்மர்ஸ் தலைவரான பிறகு என்ன நடந்தது? கலை அறிவியல் புலத்தில் 2003-04ஆம் கல்வியாண்டில் நிரந்தரப் பதவிக்கு அழைக்கப்பட்ட 32 பேரில் பெண்கள் 4 பேர். இந்த எண் அவர் மேசைமேல் இருந்தது. இதை விளக்க அவர் பெண்களின் மூளைக்குள் போகிறார். தன் மேசையைப் பார்க்கவில்லை.

அந்த அரங்கில் எம்.ஐ.டி.யின் உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் இருந்தார். பேச்சின் நடுவே எழுந்து வெளியே போய்விட்டார். அவரைப் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். 1990களில் தன் வரிக்குதிரை மீன்தொட்டிகளுக்கு இடம் போதவில்லை என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். உடனே ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஆய்வகங்களை அளக்கத் தொடங்கினார். தன்னைவிட இளைய ஆண்களுக்கும் தன்னைவிடக் கூடுதல் இடம் இருப்பது தெரியவந்தது. 1994இல் எம்.ஐ.டி. அறிவியல் புலத்தில் நிரந்தரப் பதவியில் இருந்த பெண்கள் 15 பேர், ஆண்கள் 194 பேர். அந்தப் பெண்கள் சேர்ந்து இடம், சம்பளம், நிதி, குழுப் பொறுப்பு எல்லாவற்றையும் திரட்டினார்கள். 1999இல் எம்.ஐ.டி. பாரபட்சத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டது. அளந்து காட்டியவர் ஒருவர், ஊகித்துப் பேசியவர் ஒருவர். இதில் யாரை அறிவியல்பூர்வமானவர் என்று சொல்வீர்கள்? பத்திரிகைப் பத்தியாளர்கள் ஹாப்கின்ஸைத்தான் உணர்ச்சிவசப்பட்டவர் என்றார்கள், மயங்கிவிழுகிற பழங்காலச் சீமாட்டி என்று கேலி செய்தார்கள். கையில் நாடா இருந்தும் அவள் உணர்ச்சிப் பிண்டம். கையில் ஒன்றுமே இல்லாமலும் அவர் மேதை.

அந்தப் பேச்சில் ஒரு குட்டிக் கதை வருகிறது. தன் இரட்டைப் பெண்குழந்தைகளுக்கு இரண்டரை வயதில் பொம்மை வாங்கித் தராமல் லாரி பொம்மைகளைக் கொடுத்தாராம். அவர்களோ, 'பார், அப்பா லாரி குட்டி லாரியைத் தூக்கிக்கொண்டு போகிறது' என்று விளையாடினார்களாம். பெண்ணுக்கு லாரியைக் கொடுத்தாலும் அவள் குடும்பம்தான் நடத்துவாள் என்பதற்கு இது சான்றாம். எனக்குப் படிக்கப் படிக்கச் சிரிப்பு. அந்தக் குழந்தைகள் என்ன சொன்னார்கள் என்பதை அப்பா சரியாகக் காதில் வாங்கவில்லை. குட்டியைத் தூக்கிப்போவது அம்மா லாரி இல்லை ஐயா, அப்பா லாரி. வாரம் 80 மணிநேர வேலை செய்கிற அப்பாக்களின் வீட்டில் குழந்தையை யார் தூக்குகிறார்கள் என்ற கேள்வியை இரண்டரை வயதில் அவர்கள் எழுப்பிவிட்டார்கள்.

அந்த 80 மணிநேரம் என்பது இயற்கை விதி இல்லை. ஒரு ஆண் 80 மணிநேரம் ஆய்வகத்தில் இருக்க வேண்டுமானால் வீட்டில் இன்னொருவர் சம்பளமில்லாமல் 80 மணிநேரம் இருக்க வேண்டும். ஹார்வர்டு பொருளாதாரத் துறையில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் பெண் க்ளாடியா கோல்டின் 2023இல் நோபல் பரிசு பெற்றார். நேரம் காலம் பாராமல் கிடப்பவருக்கு மணிக்கணக்கை மீறிச் சம்பளம் தரும் 'பேராசை பிடித்த வேலைகள்' எப்படி ஒரே படிப்புப் படித்த கணவனையும் மனைவியையும் குழந்தை பிறந்ததும் பிரித்துவிடுகின்றன என்பது அவர் ஆய்வு. 2005இல் சம்மர்ஸுக்கு ஆதரவாக எழுதியவர்களில் இதே கோல்டினும் ஒருவர் என்பது எனக்குக் கசக்கிறது. சொல்லாமல் விடவும் மனமில்லை. ஆனால் அவர் ஆய்வைப் படித்தால் மாற்ற வேண்டியது வேலையின் அமைப்பை என்றுதான் தெரிகிறது, பெண்ணின் மூளையை இல்லை.

இங்கே என் பங்குக்கு ஒன்று. ஆய்வு வழிகாட்டித் தகுதிக்கான ஒரு நேர்காணலில் என் வெளியீடுகளைப் பற்றிக் கேள்வி வரும் என்று இரவெல்லாம் தயாரித்துப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டது இதுதான்: "ஆய்வு மாணவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலயும் வருவாங்களேம்மா, வீட்ல சொல்லிட்டீங்களா?" எனக்கு அடுத்து உள்ளே போன ஆண் நண்பரிடம் தொல்காப்பிய உரை பற்றிக் கேட்டார்கள். அந்தப் பெரியவருக்கு சம்மர்ஸ் யாரென்று தெரியாது. மூன்று காரணங்களின் வரிசை மட்டும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

பிறகு சம்மர்ஸ் மன்னிப்புக் கேட்டார், ஒருமுறை இல்லை, பலமுறை. 2005 மார்ச் 15இல் கலை அறிவியல் புலப் பேராசிரியர்கள் 218க்கு 185 என்ற வாக்கில் அவர்மீது நம்பிக்கையில்லை என்றார்கள். 2006 பிப்ரவரியில் விலகல் அறிவிப்பு. 'பெண்ணியவாதிகள் சேர்ந்து ஒரு மேதையைத் துரத்திவிட்டார்கள்' என்ற கதை அன்றிலிருந்து ஓடுகிறது. வசதியான கதை. கறுப்பினச் சிந்தனையாளர் கார்னல் வெஸ்ட் அவரோடு மோதி ஹார்வர்டை விட்டே போனது, நண்பர் ஆந்த்ரே ஷ்லைஃபர் சம்பந்தப்பட்ட ரஷ்ய முதலீட்டு வழக்கில் ஹார்வர்டு 2 கோடியே 65 லட்சம் டாலர் கட்டியது, பேராசிரியர்களை அவர் நடத்திய விதம், எல்லாம் அந்த வாக்குப்பெட்டிக்குள் இருந்தன. அவர் காலத்தில் போடப்பட்ட வட்டிவிகித ஒப்பந்தங்களிலிருந்து கழன்றுகொள்ள 2009 நிதியாண்டில் ஹார்வர்டு கொடுத்தது ஏறக்குறைய 50 கோடி டாலர். கணக்கில் புலி!

நம் ஆட்களுக்கு ஹார்வர்டு என்றால் ஒரு பக்தி. அங்கே தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டினோம். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. அப்போதே 3,500 கோடி டாலருக்கு மேல் சொத்து வைத்திருந்த நிறுவனம் அது. இருக்கை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அங்கே தமிழ் படிக்கப்படுவது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் உண்டியல் குலுக்கியபோது அந்த நாற்காலிகளில் யார் எப்படி உட்கார்ந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர் விழுந்தார் என்கிறார்கள். விழுந்த இடத்தைப் பாருங்கள். ஹார்வர்டின் மிக உயர்ந்த பேராசிரியர் பதவி. டி.இ.ஷா என்ற முதலீட்டு நிறுவனத்தில் பகுதிநேர வேலை, 2008இல் மட்டும் 52 லட்சம் டாலர். பிறகு வெள்ளை மாளிகை. ஹார்வர்டில் அவர் சிந்திய இடத்தைத் துடைக்கப் பெண்களுக்கான பணிக்குழுக்கள் அமைக்கப்பட்டன; அவற்றை ஒருங்கிணைத்தவர் வரலாற்றாசிரியர் ட்ரூ ஃபாஸ்ட். 2007இல் அவரே ஹார்வர்டின் முதல் பெண் தலைவரானார். பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில்தான் நம்மை அழைக்கிறார்கள் என்று ஒரு தோழி சொன்னாள். அது ஃபாஸ்டின் பதினோரு ஆண்டு உழைப்புக்கு நியாயம் செய்யாத பேச்சு, ஆனால் மறக்க முடியவில்லை. 2013இல் மத்திய வங்கித் தலைவர் பதவிக்கு சம்மர்ஸா, ஜேனட் யெல்லனா என்ற பேச்சு வந்தபோது, துணைத் தலைவராகவே அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த யெல்லனுக்குக் 'கனம்' போதாது என்று சில குரல்கள் முணுமுணுத்தன. சம்மர்ஸ் தானாக விலகிக்கொண்ட பிறகுதான் அந்தக் கதவு திறந்தது.

2025 நவம்பரில் ஜெஃப்ரி எப்ஸ்டீனின் மின்னஞ்சல்களை அமெரிக்க நாடாளுமன்றக் குழு வெளியிட்டது. சிறுமி ஒருத்தியை விபச்சாரத்துக்கு அழைத்த குற்றத்தை 2008இலேயே ஒப்புக்கொண்டு சிறை சென்றவர் எப்ஸ்டீன். அவரோடு சம்மர்ஸ் 2019இல் அவர் மறுபடி கைதாகும் தறுவாய் வரை எழுதிக்கொண்டிருந்தார். எப்ஸ்டீனின் குற்றங்களில் சம்மர்ஸுக்குப் பங்கு என்று யாரும் வழக்குத் தொடுக்கவில்லை. நானும் அதைச் சொல்லவில்லை. அந்தக் கடிதங்களில் இருப்பது வேறு. தன் வழிகாட்டுதலை நாடி நின்றவர் என்று தானே குறிப்பிட்ட ஒரு பெண்ணை எப்படி நெருங்குவது என்று ஒரு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் அந்த மனிதரிடம் யோசனை கேட்கிறார். அவள் தன் தொழிலுக்காகத் தன்னை விட்டு விலக முடியாது என்ற கணக்கும் அதில் ஓடுகிறது. 2017இல் எழுதிய ஒரு மின்னஞ்சலில், உலகத்தின் அறிவில் பாதி பெண்களிடம் இருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன், அவர்கள் மக்கள்தொகையில் பாதிக்குமேல் இருப்பதைச் சொல்லவில்லை என்கிற பொருளில் ஒரு நகைச்சுவை.

2005இல் அவரைக் காப்பாற்ற வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாதம் வைத்தார்கள்: அவர் முடிவு சொல்லவில்லை, ஓர் அறிஞராகக் கேள்வி எழுப்பினார், கேள்வி கேட்கும் சுதந்திரத்தைப் பறிக்காதீர்கள். கேள்வி கேட்டவர் பதிலைப் படிப்பார் அல்லவா? பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. கட்டுரைகள், புள்ளிவிவரங்கள், புத்தகங்கள் என்று பெண்கள் பக்கம் பக்கமாக எழுதிப் பதில் சொன்னார்கள். எத்தனை பெண் விஞ்ஞானிகள் தங்கள் ஆய்வு நேரத்தை விட்டு, தங்களுக்கு மூளை இருக்கிறது என்று நிரூபிக்க உட்கார்ந்தார்கள்! அந்த நேரத்துக்கு எந்தப் பொருளாதார அறிஞர் விலை போட்டார்? பன்னிரண்டு ஆண்டு கழித்து, தனிக் கடிதத்தில், அதே இடத்தில்தான் அவர் நிற்கிறார். அப்படியானால் அது கேள்வியே இல்லை. போர்ன் கேட்டதுதான் கேள்வி. அதை வாயடைத்தவர்களில் இவர் ஒருவர்.

வெட்கப்படுகிறேன் என்று அறிக்கை விட்டார். பொதுப்பொறுப்புகளிலிருந்து ஒதுங்கினார், ஓப்பன்ஏஐ நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார், வகுப்பெடுப்பதை நிறுத்தினார். டிசம்பரில் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் அவரை வாழ்நாள் முழுவதும் தடை செய்தது. இப்போது பத்தி எழுதுகிறவர்கள் 'ஒரு மேதையின் வீழ்ச்சி' என்று தலைப்பிடுகிறார்கள். இன்னும் அந்தச் சொல்லை விட மனம் வரவில்லை.

அவருடைய வெட்கம் அவரோடு இருக்கட்டும். எனக்கு வேண்டியது அந்த 32இல் 4 என்கிற மாதிரியான பட்டியல். தமிழ்நாட்டின் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு ஆண்டும் வெளியிடட்டும்: எத்தனை பெண்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை நேர்காணலுக்கு அழைத்தீர்கள், யாருக்கு வேலை கொடுத்தீர்கள், ஆய்வு வழிகாட்டிகளில் எத்தனை பெண்கள், துறைத்தலைவர்களில் எத்தனை பேர், துணைவேந்தர் தேடுதல் குழுவில் ஒரு பெண்ணாவது இருந்தாரா. அறை ஒதுக்கீட்டையும் சேர்த்துப் போடுங்கள், சதுர அடியில்.